பதினொருவரைத் தெரிவுசெய்பவர் யார்?

விளையாட்டிலே அரசியலைக் கலக்கலாகாது என்பது இன்று வேதவாக்கியமாகிவிட்டது. பாடசாலைப் பரிசளிப்பு விழாவிலே பிரதம விருந்தினர் இதனைச் சொல்கிறார். பத்திரிகைகளின் கடைசிப் பக்கத்தில் எழுதுவோர் இதனைத் திரும்பத் திரும்ப எழுதுகின்றனர். சர்வதேச சம்மேளனங்களின் தலைவர்கள், மன்னர்களுக்கும் சனாதிபதிகளுக்கும் நடுவே முதல் வரிசையில் அமர்ந்துகொண்டு, இதனையே ஒலிபெருக்கியில் முழங்குகின்றனர். இவ்வாக்கியத்தை உச்சரிப்பவர் எவர், எவரை நோக்கி உச்சரிக்கிறார் என்பதைச் சற்று நிதானித்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். வெற்றிக் கிண்ணத்தைத் தூக்கிப் படம் பிடித்துக்கொள்ளும் ஆட்சியாளனுக்கு எவரும் இதனை உபதேசிப்பதில்லை. அவனுடைய தலையீட்டை மறுத்த பயிற்றுநருக்கும், கூலியையும் உரிமையையும் பற்றிப் பேசிய ஆட்டக்காரனுக்கும், மலிவு விலைச் சீட்டு வாங்கி வெயிலில் நிற்கும் இரசிகனுக்குமே இது உபதேசிக்கப்படுகிறது. விளையாட்டைத் தம் உடைமையாக்கிக் கொண்டவர்கள் அவ்வுடைமையைச் சுற்றி இட்டிருக்கும் வேலி இது என்பதே எமது கருத்து.

இதற்குச் சான்று வேண்டுவோர் 1969, 1970 ஆம் ஆண்டுகளில் பிரேசில் தேசிய உதைபந்தாட்ட அணிக்கு நேர்ந்ததை நோக்குதல் வேண்டும். அவ்வணியின் தலைமைப் பயிற்றுநராகப் பதின்மூன்று மாதங்கள் பணியாற்றி, உலகக் கிண்ணப் போட்டிக்கு மூன்று மாதங்கள்கூட இல்லாத வேளையில் நீக்கப்பட்டவர் ஜுவாவோ சல்தான்யா. அவருடைய கதையை இருசாரார் இருவிதமாகச் சொல்வர். முதற்சாரார் கூறுவது: அவர் முன்கோபி, ஆட்டக்காரருடனும் பத்திரிகையாளருடனும் பகைத்துக்கொண்டவர், தக்க தருணத்தில் நீக்கப்பட்டார், அவர் போனபின் பிரேசில் உலகக் கிண்ணத்தை வென்றது, எனவே நீக்கியது சரி. இரண்டாம் சாரார் எம்மவர். அவர்கள் கூறுவது: அவர் கம்யூனிஸ்ட், சர்வாதிகாரியின் முகத்துக்கெதிரே உண்மை உரைத்தார், அதற்காகப் பலியிடப்பட்டார், எனவே அந்த வெற்றி கறைபடிந்த வெற்றி. ஒன்றுக்கொன்று நேரெதிர்போலத் தோன்றும் இவ்விரு கதைகளும் ஒரே இடத்தில் வழுக்குகின்றன. நீக்கப்பட்டவர் நல்லவரா, பொல்லாதவரா என்று கேட்கின்றனவே ஒழிய, நீக்கியவர்கள் எவருக்குக் கணக்குக் கொடுத்தார்கள் என்று இரண்டுமே கேட்பதில்லை. அக்கேள்வியே இக்கட்டுரையின் பொருள்.

முதலில் வரலாற்றுச் சூழல். 1958 இலும் 1962 இலும் உலகக் கிண்ணத்தை வென்ற பிரேசில், 1966 இல் இங்கிலாந்தில் ஹங்கேரியிடமும் போர்த்துக்கலிடமும் தோற்று முதற்சுற்றிலேயே வெளியேறியது. இதற்கிடையில் நாடே வேறு நாடாகிவிட்டிருந்தது. மக்கள் வாக்கால் பதவிக்கு வந்த ஜுவாவோ கூலார்ட்டின் ஆட்சியை 1964 ஆம் ஆண்டு இராணுவம் கவிழ்த்தது. 1968 டிசம்பர் 13 ஆந் தேதி ஐந்தாம் இலக்க நிறுவனச் சட்டம் பிரகடனஞ் செய்யப்பட்டது. பாராளுமன்றம் மூடப்பட்டது. அரசியற் குற்றஞ் சாட்டப்பட்டவர்களுக்கு ஆட்கொணர்வு மனுவின் பாதுகாப்பு இல்லையென்றாயிற்று. பத்திரிகைகளிலும் நாடகங்களிலும் பாடல்களிலும் தணிக்கையாளரின் கத்தரிக்கோல் நுழைந்தது. அச்சட்டம் பிறந்து இரண்டு மாதங்கள் நிறையுமுன்னரே, 1969 பெப்ரவரியில், பிரேசில் விளையாட்டுச் சம்மேளனத்தின் தலைவர் ஜுவாவோ அவெலாஞ்ச், தேசிய அணியைச் சல்தான்யாவிடம் ஒப்படைத்தார்.

சல்தான்யா இளமை முதலே கம்யூனிஸ்ட் கட்சிக்காரர். கட்சியோ 1947 முதல் சட்டவிரோதமாக்கப்பட்டிருந்தது. 1957 இல் பொத்தபோகோ கழகத்தின் பயிற்றுநராக இருந்து, கரிஞ்சாவும் தீதியும் நில்தொன் சந்தொசும் ஆடிய அணியை ரியோ மாநிலச் சுற்றுப்போட்டியில் வெற்றியீட்டச் செய்தவர். அதன்பின் பயிற்றுநர் தொழிலை விட்டு வானொலியிலும் பத்திரிகையிலும் விமர்சகரானார். தெருவிலே பேசும் மொழியில், எவர் முகத்துக்கும் அஞ்சாது, உதைபந்தாட்டத்தைப் பற்றிப் பேசிய அவரைச் சாதாரண மக்கள் தம்மவராகக் கொண்டாடினர். 1966 தோல்விக்குப்பின் சம்மேளனத்தைக் குதறிக்கொண்டிருந்த பத்திரிகையாளரின் வாயை அடைக்கும்பொருட்டு, அவர்களுள் ஒருவர் தலையிலேயே பாரத்தைச் சுமத்திவிடுவதென்று அவெலாஞ்ச் தந்திரம் செய்தார் என்பது அக்காலந்தொட்டுச் சொல்லப்பட்டுவரும் விளக்கம். அது உண்மையாயின், அந்தத் தந்திரம் அதனைச் செய்தவரின் கையைவிட்டுப் போயிற்று.

ஏனெனில் பதவியேற்றதும் சல்தான்யா செய்த முதற்காரியம், தமது அணியைப் பகிரங்கப்படுத்தியது. முதலாவது பத்திரிகையாளர் கூட்டத்திலேயே ஆடப்போகும் பதினொருவரின் பெயர்களையும் அவர்களுக்குப் பதிலாக நிற்பவர்களின் பெயர்களையும் வாசித்துவிட்டார். கழகத் தலைவர்கள் சிபார்சு செய்வதற்கும் மாநிலப் பிரமுகர்கள் காதில் ஓதுவதற்கும் அவகாசமே வைக்கவில்லை. அந்த அணியை மக்கள் "சல்தான்யாவின் மிருகங்கள்" என்று செல்லமாக அழைத்தனர். 1969 ஆகஸ்டில் நடைபெற்ற தகுதிகாண் ஆட்டங்களில் கொலம்பியா, வெனிசுவேலா, பராகுவே ஆகிய மூன்று நாடுகளையும் தலா இருமுறை சந்தித்து, ஆறு ஆட்டங்களையும் அது வென்றது. அடித்த கோல்கள் 23; வாங்கியவை 2. தொஸ்தாவோ மட்டும் 10 கோல்களை அடித்தார்.

அவ்வாட்டங்களுள் இறுதியானது ஆகஸ்ட் 31 ஆந் தேதி ரியோவின் மரக்கானா அரங்கில் நடந்தது. பணங் கொடுத்து உள்ளே நுழைந்தவர்கள் மட்டும் 183,341 பேர். பராகுவேக்கு எதிராகப் பெலே அடித்த ஒரே கோலினால் பிரேசில் மெக்சிக்கோ செல்லும் தகுதியைப் பெற்றது. அதே நாளில் அந்நாட்டில் இன்னொரு தெரிவும் நடந்தது. சனாதிபதி கொஸ்தா எ சில்வா பாரிசவாதத்தால் வீழ்ந்துகிடக்க, அரசியலமைப்பின்படி அவர் இடத்துக்கு வரவேண்டிய உபசனாதிபதி படையினரல்லாதவர் என்பதால் ஒதுக்கப்பட்டு, முப்படைகளின் அமைச்சர்கள் மூவர் ஆட்சியைத் தம் கையில் எடுத்துக்கொண்டனர். பின்னர் தளபதிகள் தமக்குள்ளே கலந்துபேசி, எமிலியோ மெடிசி என்னும் இன்னொரு தளபதியைத் தெரிந்தெடுத்தனர். மூடிக்கிடந்த பாராளுமன்றம் அதனை ஆமோதிப்பதற்காகவே திறக்கப்பட்டது. ஒக்டோபர் 30 ஆந் தேதி மெடிசி சனாதிபதியானார். இலட்சக்கணக்கான மக்கள் பெயர் பெயராக அறிந்து, வாதிட்டு, ஏற்றும் மறுத்தும் பேசக்கூடிய ஒரு தெரிவு அவ்வாண்டு பிரேசிலில் நடந்ததென்றால், அது உதைபந்தாட்ட அணியின் தெரிவே. நாட்டின் தலைவனைத் தெரிவதில் அவர்களுக்கு வாயில்லை. வலப்பக்க முன்னணி ஆட்டக்காரனைத் தெரிவதில் வாயிருந்தது. அந்த வாயையும் அடைக்க எத்தனித்ததே இக்கதையின் சாரம்.

மெடிசி உதைபந்தாட்டப் பிரியர். சிறிய வானொலிப் பெட்டியைக் காதில் வைத்தபடி அரங்குக்குச் செல்பவர். அத்லெட்டிக்கோ மினெய்ரோ கழகத்தின் முன்னணி ஆட்டக்காரரான தாரியோ தேசிய அணியில் இடம்பெறுவதை அவர் விரும்புகிறார் என்ற செய்தி பரவியது. இதுபற்றிக் கேட்ட நிருபருக்குச் சல்தான்யா அளித்த மறுமொழி பிரேசிலின் பழமொழிபோல் ஆகிவிட்டது: தாம் அமைச்சரவையைத் தெரிவதில்லை, சனாதிபதியும் அணியைத் தெரிவதில்லை. மெடிசி நேரே உத்தரவிட்டாரா, விருப்பத்தை மட்டுந்தான் வெளியிட்டாரா, பத்திரிகைகள் அதனை ஊதிப் பெருக்கினவா என்பதில் இன்றுவரை கருத்து வேறுபாடு உண்டு. மறுமொழியின் பொருளில் வேறுபாடு இல்லை. அதிலே தாரியோவின் திறமையைப் பற்றிய தீர்ப்பெதுவும் இல்லை. தாரியோ கோலடிப்பதில் வல்லவரே. ஒருவேளை அணியில் இடம்பெறத் தக்கவராகவும் இருந்திருக்கலாம். இங்கு பிரச்சினை, சரியான பெயரைச் சொல்பவனாயினும் அதைச் சொல்லும் அதிகாரம் அவனுக்கு உண்டா என்பதே. ஆசிரியராயிருக்கும் வாசகருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. பரீட்சைத் தாளைத் திருத்திக்கொண்டிருக்கையில் மேலிடத்திலிருந்து ஒரு மாணவனின் பெயர் வருகிறது. அவன் கெட்டிக்கார மாணவனாகவே இருக்கலாம். ஆயினும் அந்தப் பெயரை ஏற்றுக்கொண்ட கணத்தில் எஞ்சிய தாள்கள் யாவும் பொய்த் தாள்களாகிவிடுகின்றன.

இனி, சல்தான்யாவுக்கு எதிரான வழக்கையும் ஒளிக்காது சொல்வோம். 1970 மார்ச் 4 ஆந் தேதி போர்த்தோ அலெக்ரே நகரில் பிரேசில் ஆர்ஜென்டீனாவிடம் 2-0 என்று தோற்றது. நான்கு நாட்களின் பின் ரியோவில் அதே ஆர்ஜென்டீனாவை 2-1 என வென்றபோதும், மார்ச் 14 இல் பாங்கு என்ற கழக அணியுடன் ஆடி 1-1 எனச் சமநிலையிலேயே முடித்தது. பெலேயின் கண்பார்வை குறைபாடுடையதென்றும், அவரை ஆட்டத்திலிருந்து நிறுத்தக்கூடுமென்றும் சல்தான்யா பேசியது நாட்டையே கொதிக்க வைத்தது. தம்மை இழித்துப் பேசிய இன்னொரு கழகத்தின் பயிற்றுநரைத் தேடி அவர் கைத்துப்பாக்கியுடன் போனதும் உண்மை. இவற்றை முன்வைத்து, எந்தச் சுதந்திர நாட்டிலும் இத்தகைய பயிற்றுநர் நீக்கப்பட்டிருப்பார் என வாதிடலாம். அவ்வாதத்தை நாம் எள்ளிநகையாடவில்லை. பயிற்றுநர் எவருக்கும் பதவி சாசுவதமன்று. கட்சி அட்டை கையில் இருப்பது தோல்விக்கு மன்னிப்பாகவும் மாட்டாது.

ஆனால் நீக்கம் எப்படி நடந்தது என்பதைப் பாருங்கள். மார்ச் 17 ஆந் தேதி, தொழில்நுட்பக் குழு கலைக்கப்பட்டது என்று சம்மேளனம் அறிவித்தது. அவ்வளவுதான். அதைக் கேட்ட சல்தான்யா, கரைந்து போவதற்குத் தாம் ஐஸ்கிறீம் அல்லவென்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். அணி தோற்றதனாலா? பெலேயைப் பற்றிப் பேசியதனாலா? துப்பாக்கியினாலா? தாரியோவினாலா? அவர் கம்யூனிஸ்ட் என்பதனாலா? அல்லது, மெக்சிக்கோவில் உலகப் பத்திரிகையாளர் மத்தியில் அவர் நின்று, பிரேசிலின் சிறைகளில் நடப்பதைச் சொல்லிவிடுவார் என்ற அச்சத்தினாலா? அரை நூற்றாண்டுக்குப் பின்னும் நூல்கள் எழுதப்படுகின்றன. ஆளுக்கொரு காரணம் சொல்லப்படுகிறது. இந்தத் தெளிவின்மையை வரலாற்றாசிரியரின் தொல்லையென்று ஒதுக்குவது பிழை. சர்வாதிகாரத்தின் குற்றப்பத்திரிகையில் இதுவும் ஓர் உறுப்பாகும். பாராளுமன்றம் இருந்திருந்தால் ஒரு கேள்வி எழுந்திருக்கும். தணிக்கையில்லாத பத்திரிகை இருந்திருந்தால் ஒரு பதிலைத் தேடியிருக்கும். சம்மேளனத்தின் தலைவர் கழகங்களுக்கும் ஆட்டக்காரருக்கும் இரசிகருக்கும் பொறுப்புடையவராக இருந்திருந்தால் அவர் காரணஞ் சொல்ல நேர்ந்திருக்கும். காரணஞ் சொல்லத் தேவையற்ற அதிகாரம் செய்யும் ஒவ்வொரு செயலும், அது தற்செயலாகச் சரியான செயலாக அமைந்தாலுங்கூட, மக்களை வதந்திக்கு இரையாக்குகிறது.

சல்தான்யாவின் இடத்துக்கு வந்தவர் மாரியோ சகாலோ. அவரை ஆட்சியின் கையாள் என்று எழுதுவது எளிது, நேர்மையன்று. 1958 இலும் 1962 இலும் உலகக் கிண்ணத்தை வென்ற அணிகளில் ஆடியவர் அவர். பியாசாவை நடுக்களத்திலிருந்து தற்காப்புக்கு இறக்கியதும், ரிவெலினோவுக்கு இடப்பக்கத்தில் இடமளித்ததும், பெலேயையும் தொஸ்தாவோவையும் ஒருங்கே ஆடவைத்ததும் தொழிலறிந்தவனின் முடிவுகள். எனினும் கார்லொஸ் அல்பேர்ட்டோ, பியாசா, ஜேர்சன், ஜைர்சின்யோ, தொஸ்தாவோ, பெலே என அணியின் முதுகெலும்பாய் நின்றவர்கள் சல்தான்யாவின் தகுதிகாண் அணியிலும் ஆடியவர்களே. தாரியோவும் மெக்சிக்கோ சென்ற குழுவில் சேர்க்கப்பட்டார். ஆனால் உலகக் கிண்ணப் போட்டியில் அவர் ஒரு நிமிடமேனும் களமிறங்கவில்லை. மாளிகையின் விருப்பம் குழுவின் பெயர்ப்பட்டியல்வரை வந்தது. வெள்ளைக்கோட்டைத் தாண்ட அதனால் இயலவில்லை. ஆட்டம் தொடங்கியபின் களத்தில் செல்லுபடியாவது சிபார்சன்று என்பதற்கு இதைவிடச் சிறந்த சாட்சியம் வேண்டுமோ?

பிரேசில் ஆறு ஆட்டங்களையும் வென்றது. ஜூன் 21 ஆந் தேதி மெக்சிக்கோ நகரின் அஸ்ரெக்கா அரங்கில் இத்தாலியை 4-1 என வீழ்த்தி, யூல்ஸ் றிமே கிண்ணத்தை நிரந்தரமாகத் தனதாக்கியது. அன்றைய நாலாவது கோலைப் பார்த்தவர்கள் அதனை மறக்கமாட்டார்கள். குளொதோவால்தோ தம் பாதியில் எதிரிகள் நால்வரைக் கடந்து பந்தை வெளிக்கொணர்கிறார். அது ரிவெலினோவுக்கும், அவரிடமிருந்து ஜைர்சின்யோவுக்கும், அவரிடமிருந்து பெலேக்கும் போகிறது. பெலே தலைதிருப்பிப் பாராமலே, வலப்புறத்திலிருந்து ஓடிவரும் தலைவர் கார்லொஸ் அல்பேர்ட்டோவின் காலடிக்கு அதனை உருட்டிவிடுகிறார். எவரும் எவருக்கும் கட்டளையிடவில்லை. ஒவ்வொருவரும் மற்றவர் எங்கிருப்பார் என்பதை அறிந்திருந்தனர். கூட்டு உழைப்பின் அழகு இதுவென்றால், எந்தத் தளபதிக்கு இதில் பங்குண்டு?

பங்கு கேட்டுத் தளபதிகள் வந்தார்கள். மெடிசி ஆட்டக்காரரை மாளிகைக்கு அழைத்துக் கிண்ணத்தோடு படமெடுத்துக்கொண்டார். ஆட்சியின் பிரசார அலுவலகம், துள்ளியெழும் பெலேயின் படத்தின்கீழ் இந்நாட்டை இனி எவரும் தடுத்துநிறுத்த முடியாதென்ற சுலோகத்தை அச்சிட்டு ஒட்டியது. சாவோ பாவுலோ நகரபிதா பாவுலோ மலூவ், பொதுப்பணத்தில் ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் வொக்ஸ்வாகன் கார் வழங்கினார். அதே காலத்தில், அதே நகரத்தில், இராணுவப் பொலிசாரின் விசாரணைக் கூடங்களில் மனிதர் சித்திரவதை செய்யப்பட்டுக்கொண்டிருந்தனர். ஆட்சிக்காலத்தில் கொல்லப்பட்டோரும் காணாமலாக்கப்பட்டோருமாக 434 பேரின் பெயர்களைப் பிரேசிலின் தேசிய உண்மை ஆணைக்குழு 2014 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையில் பதிவுசெய்தது. கிண்ணத்தின் பளபளப்பு எதை மறைப்பதற்கு வேண்டப்பட்டது என்பதை அப்பட்டியல் சொல்லும்.

இங்குதான் எம்மவரோடு நாம் வாதிட வேண்டியிருக்கிறது. ஆட்சி அந்த வெற்றியைப் பயன்படுத்தியது. ஆகவே அந்த வெற்றி ஆட்சியினுடையது. ஆகவே அதில் மகிழ்ந்த மக்கள் மயங்கிய மக்கள் என்று எம்மவரிற் சிலர் இன்றும் எழுதுகின்றனர். இது முற்போக்குச் சிந்தனைபோல் தோன்றும் மேட்டிமைச் சிந்தனை. 1970 இல் சிறையிலிருந்த அரசியற் கைதிகளிடையேயும் இவ்விவாதம் எழுந்தது. பிரேசிலின் வெற்றியை விரும்பினால் சர்வாதிகாரத்துக்கு வலுச்சேர்ப்பதாகாதா என்று சிலர் தயங்கினர். அவ்வாண்டு ஜனவரியில் கைதாகிச் சித்திரவதைக்கு உள்ளான இளம்பெண் ஒருவர், தமக்கு அந்தத் தயக்கம் இருக்கவில்லையென்றும், இறுதியில் ஏறத்தாழ எல்லாருமே அணியின் பக்கம் நின்றனரென்றும் பின்னாளில் நினைவுகூர்ந்தார். அவர் பெயர் டில்மா ரூசெஃப். 2011 இல் நாட்டின் சனாதிபதியானவர். சிறைக்கம்பிகளுக்குள் இருந்தவர்கள் கண்ட உண்மையை நூலகத்தில் இருப்பவர்கள் காண மறுப்பது விந்தையே. திருடன் கையில் இருக்கிறது என்பதற்காகப் பொருள் அவனுடையதாகிவிடுமா? திருட்டை எதிர்க்க வேண்டியவன், பொருளையும் சேர்த்துத் தூற்றினால், திருடனின் உரிமைப்பத்திரத்தில் தானே கையொப்பமிட்டவனாகிறான்.

வெற்றியில் மகிழ்வதும் ஆட்சியை எதிர்ப்பதும் முரணானவையல்ல. முரண், விளையாட்டைக் கொண்டாடிக்கொண்டே அதில் உழைப்பவனை மறப்பதில் இருக்கிறது. உலகம் வியந்த அந்த ஆட்டக்காரர்களின் தொழில்நிலை என்ன? ஒப்பந்தம் முடிந்த பின்னரும் அவர்களுடைய 'பாசே' எனப்படும் உரிமைச்சீட்டு கழகத்தின் கையிலேயே இருந்தது. கழகம் விரும்பாவிடின் வேறெங்கும் ஆட முடியாது. பொத்தபோகோவின் நடுக்கள ஆட்டக்காரரும் மருத்துவ மாணவருமான அபொன்சின்யோ, தாடியை மழிக்க மறுத்ததால் ஒதுக்கிவைக்கப்பட்டார். வழக்காடி 1971 இல் தமது சீட்டைத் தாமே பெற்றார். அம்முறை முற்றாக ஒழிவதற்கு 1998 ஆம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது. சனாதிபதி கூப்பிட்டுக் கைகுலுக்கிய ஆட்டக்காரன், சட்டத்தின் முன் கழகத்தின் தட்டுமுட்டுச் சாமான்களுள் ஒன்று. இதனை எடுத்துச் சொன்னவர்களுக்கே விளையாட்டில் அரசியலைக் கலக்காதீர் என்ற உபதேசம் கிடைத்தது.

அரசியலோ முன்வாசலாலேயே உள்ளே நடந்து சென்றுகொண்டிருந்தது. மெக்சிக்கோ சென்ற குழுவின் தலைவர் விமானப்படையின் பிரிகேடியர். உடற்பயிற்சிப் பொறுப்பாளருள் ஒருவரான இராணுவக் கப்டன் கிளாவுதியோ கூத்தின்யோ, 1978 உலகக் கிண்ணப் போட்டியில் அணியின் தலைமைப் பயிற்றுநர். அப்போது சம்மேளனத்தின் தலைவராக இருந்தவர் கடற்படைத் தளபதி எலேனோ நூனெஸ். ரியோவில் ஆளுங்கட்சியின் தலைவரும் அவரே. 1971 இல் 20 கழகங்களோடு தொடங்கிய தேசியச் சுற்றுப்போட்டி, 1979 இல் 94 கழகங்களோடு நடந்தது. ஆளுங்கட்சிக்கு வாக்குக் குறையும் ஊருக்கெல்லாம் சுற்றுப்போட்டியில் ஓர் இடம் கிடைக்கிறதென்று மக்கள் கேலிபேசினர். அரசியற் கலப்பற்ற விளையாட்டு என்பதன் இலட்சணம் இது!

சர்வாதிகாரம் 1985 இல் முடிவுற்றது. நாட்டுக்கு வந்த ஜனநாயகம் உதைபந்தாட்டத்தின் தலைமை வீட்டுக்குள் நுழைந்ததா? 2012 இல் பிரேசில் உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் தலைவரானவர் ஜொசே மரியா மரீன். 1975 ஒக்டோபரில், சாவோ பாவுலோ மாநிலச் சபையில் ஆளுங்கட்சி உறுப்பினராக இருந்து, அரசாங்கத் தொலைக்காட்சி நிலையமொன்றின் செய்திப்பிரிவுக்கு எதிராக நடவடிக்கை வேண்டுமென்று பேசியவர் இவர். சில நாட்களின்பின், அம்மாதம் 25 ஆந் தேதி, அச்செய்திப்பிரிவின் தலைவர் விளாதிமிர் எர்சொக் இராணுவ விசாரணைக் கூடத்தில் கொல்லப்பட்டார். 2014 இல் பிரேசில் உலகக் கிண்ணப் போட்டியை நடத்தியபோது அதன் உதைபந்தாட்ட வீட்டின் எசமானர் மரீனே. மறு ஆண்டு சூரிச் நகரில் கைதாகி, 2017 இல் நியூயோர்க் நீதிமன்றத்தில் ஊழற் குற்றவாளியாகக் காணப்பட்டார். 1970 இல் சல்தான்யாவை நீக்கிய அவெலாஞ்சோ, 1974 முதல் 1998 வரை உலக உதைபந்தாட்டத்தின் தலைவராயிருந்து, இலஞ்ச விவகாரம் அம்பலமானபின் 2013 இல் கௌரவத் தலைவர் பதவியையும் துறந்தார். 1970 இல் நிரந்தரமாகக் கிடைத்த தங்கக் கிண்ணமும் 1983 டிசம்பரில் ரியோவிலுள்ள சம்மேளனக் கட்டடத்திலிருந்தே களவுபோயிற்று. காவலர் எத்தகையோர் என்பதற்கு வேறு உவமை வேண்டியதில்லை.

2017 இல் மாற்றப்பட்ட விதிகளைப் பாருங்கள். சம்மேளனத் தலைவரைத் தெரியும் வாக்கெடுப்பில் 27 மாநிலச் சங்கங்களுக்குத் தலா 3 வாக்குகள், ஆக 81. முதலிரு பிரிவுகளின் 40 கழகங்களுக்கும் சேர்த்து 60. கழகங்கள் யாவும் ஒன்றுதிரண்டாலும் சங்கத் தலைவர்களை மேவ இயலாது. ஆட்டக்காரருக்கு அங்கே வாக்கில்லை. இரசிகரைப் பற்றிப் பேச்சேயில்லை. 2025 மே 12 ஆந் தேதி இத்தாலியரான கார்லோ அஞ்செலோட்டி தேசிய அணியின் பயிற்றுநராக அறிவிக்கப்பட்டார். மூன்றாம் நாள், அவரை நியமித்த தலைவரை நீதிமன்றம் பதவிநீக்கியது. பயிற்றுநர் உள்நாட்டவரா வெளிநாட்டவரா என்று நாடெங்கும் விவாதம் நடந்தது. பயிற்றுநரைத் தெரிபவரைத் தெரிபவர் எவர் என்ற விவாதத்துக்கு அதிற் பத்திலொரு பங்கு இடங்கூடக் கிடைக்கவில்லை.

மாற்று வழி இல்லையென்று சொல்லற்க. 1982 முதல் 1984 வரை, சர்வாதிகாரம் இன்னும் உயிரோடிருந்த வேளையில், சாவோ பாவுலோவின் கொரிந்தியன்ஸ் கழகத்தில் சோக்கிரட்டீசும் தோழர்களும் பயிற்சி, பயணம், புதிய ஆட்டக்காரர் சேர்ப்பு ஆகியவற்றை வாக்கெடுத்துத் தீர்மானித்தனர். ஆட்டக்காரனுக்கும் உடுபுடவை கவனிக்கும் ஊழியனுக்கும் ஒரே வாக்கு. அவ்வணி 1982 இலும் 1983 இலும் மாநிலச் சுற்றுப்போட்டியை வென்றது. நாட்டில் வாக்குரிமை மறுக்கப்பட்டிருந்தபோது உடைமாற்றும் அறையில் அதனைப் பழக்கிக்கொண்டனர்.

மஞ்சள் நிறச் சட்டையைப் பற்றியும் ஒரு சொல். 1953 இல் பத்திரிகையொன்று நடத்திய போட்டியில் அதனை வரைந்து பரிசுபெற்றவர், உருகுவே எல்லையோரத்து 19 வயது இளைஞர் அல்தீர் இஷ்லே. பின்னர் எழுத்தாளரும் ஆசிரியருமாகி, 1964 இன் பின் இராணுவ ஆட்சியின் அடக்குமுறைக்கு ஆளானார். அவர் வரைந்த சட்டையை அணிந்துகொண்டுதான் 2023 ஜனவரி 8 ஆந் தேதி, இராணுவம் தலையிட வேண்டுமென்று கூவியபடி, பிற்போக்குக் கும்பல் பிரசீலியாவில் பாராளுமன்றத்தையும் உச்ச நீதிமன்றத்தையும் சனாதிபதி மாளிகையையும் சூறையாடியது. அதன்பின் முற்போக்காளர் பலர் அச்சட்டையை அணியவே கூசினர். கூசுதல் கூடாது. 1970 இல் கிண்ணத்தை விட்டுக்கொடுத்த பிழையை இன்று சட்டையை விட்டுக்கொடுத்துத் திரும்பச் செய்யலாகாது.

சல்தான்யா 1990 ஜூலையில், நோயுற்ற உடலோடு உலகக் கிண்ணப் போட்டியை விமர்சிக்கச் சென்ற உரோமாபுரியில் காலமானார். அவரை அடுத்த தலைமுறைக்கு அறிமுகஞ் செய்யும் ஆசிரியர்கள் அவரை மகானாக்க வேண்டாம். துப்பாக்கியையும் பெலேயையும் மறைக்கவும் வேண்டாம். அவர் சொன்ன மறுமொழியை மட்டும் முழுமையாகச் சொல்லிக்கொடுங்கள். அதில் இரண்டு பாதிகள் உண்டு. சனாதிபதி அணியைத் தெரிவதில்லை என்னும் பாதியை எல்லாரும் மேற்கோள் காட்டுகின்றனர். தாம் அமைச்சரவையைத் தெரிவதில்லை என்னும் பாதியை ஒருவரும் நின்று கேட்பதில்லை. 1970 இல் பிரேசிலின் அமைச்சரவையைத் தெரிவதில் அந்தப் பயிற்றுநருக்கு மட்டுமன்று, மரக்கானாவில் நின்ற 183,341 பேரில் எவருக்குமே பங்கிருக்கவில்லை. அப்பங்கு இல்லாதவரை அணியும் அவர்களுடையதாய் இருக்கமாட்டாது. விளையாட்டிலே அரசியலைக் கலக்காதே என்று அடுத்த முறை எவரேனும் மேடையில் முழங்கும்போது, மாணவர்கள் எழுந்து, ஐயா, தங்களைத் தெரிந்தெடுத்தவர் யார் என்று கேட்கட்டும்.